சூடுபட்ட செல்லில் குறியிடா ஆர்.என்.ஏ-வை அளப்பது: ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலோ பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலோ செல் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்து, "வெப்ப அதிர்ச்சி கொடுத்து, எந்தக் குறியிடா ஆர்.என்.ஏ ஏறுகிறது என்று பார்" என்று வேலை கொடுக்கப்பட்டவர்களுக்கானது இது. புரதமாக மாறாத ஆர்.என்.ஏ-க்கள் அழுத்தத்தின்போது என்ன செய்கின்றன என்பதை ஏற்கெனவே படித்திருப்பீர்கள். அதைக் கையால் செய்து எண்ணாக எடுக்கும்போதுதான் சறுக்கல். பெரும்பாலான தவறுகள் கியூபிசிஆர் இயந்திரத்தில் (வரிசையைப் பெருக்கி அதன் அளவைச் சொல்லும் கருவி) நடப்பதில்லை. ஆர்.என்.ஏ-வை வெளியே எடுக்கும் விதத்திலும், எதனால் வகுக்கிறோம் என்பதிலும்தான் நடக்கின்றன. அதனால் இயந்திரத்துக்குப் போகும் முன்னான படிகளுக்கே இங்கே இடம் அதிகம்.

1. எந்த ஆர்.என்.ஏ என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

"எல்லாவற்றையும் எடுத்து வைப்போம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தொடங்காதீர்கள். ஒவ்வொரு வகைக்கும் எடுக்கும் முறை வேறு. முதல் நாள் எடுத்த முறை இறுதிவரை உங்களைக் கட்டிப்போடும்.

சாட்டலைட்-3 ஆர்.என்.ஏ: மனிதச் செல்லில் வெப்ப அதிர்ச்சிக்கு மிகத் தெளிவாகப் பதில் சொல்வது இதுதான். ஹெச்எஸ்எஃப்1 புரதம் சூட்டில் மூன்று மூன்றாகச் சேர்ந்து, 9ஆம் குரோமோசோமின் நடுப்பகுதி அருகே உள்ள மறுபடி வரிசைகளில் (ஒரே எழுத்துத்தொடர் திரும்பத் திரும்ப வருபவை) போய் உட்காரும். சாதாரண நேரத்தில் ஊமையாகக் கிடக்கும் அந்த இடம் படியெடுக்கப்படும். வெளிவரும் ஆர்.என்.ஏ அங்கேயே தங்கி, எஸ்ஆர்எஸ்எஃப்1 போன்ற ஸ்ப்ளைசிங் (ஆர்.என்.ஏ-விலிருந்து இன்ட்ரான்களை வெட்டி ஒட்டும்) புரதங்களைத் தன்பால் இழுத்து, அணுக்கரு அழுத்தத் திரள்களாகும். இது எலிச் செல்லில் கிடையாது. எலிச் செல்லில் தேடி ஒரு மாதத்தை வீணாக்குபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். எலிதான் கையில் இருக்கிறது என்றால் பி2 ஆர்.என்.ஏ-வைப் பாருங்கள்.

நீட்1: இதற்கு இரண்டு வடிவங்கள். குட்டையானது சுமார் 3.7 கிலோபேஸ், பாலி-ஏ வால் உண்டு. நீளமானது சுமார் 23 கிலோபேஸ். அதற்கு வால் இல்லை, நுனியில் மூவிழைச் சுருள்தான் காப்பு. பாராஸ்பெக்கிள் என்ற திரள் உருவாக நீளமானதுதான் வேண்டும்.

டி.ஆர்.என்.ஏ பாதிகள்: ஆர்சனைட் போன்ற அழுத்தத்தில் ஆஞ்சியோஜெனின் என்ற நொதி டி.ஆர்.என்.ஏ-வை ஆன்ட்டிகோடான் வளையத்தில் வெட்டும். கிடைப்பவை 30 முதல் 40 நியூக்ளியோட்டைடு. மைக்ரோ ஆர்.என்.ஏ சுமார் 22 நியூக்ளியோட்டைடு. இந்த இரண்டும் உங்கள் பட்டியலில் இருந்தால் ஆர்.என்.ஏ-வைப் பிடித்துப் பிரிக்கும் சாதாரண சிலிக்கா வடிகுழலை (column) இப்போதே ஒதுக்கி வையுங்கள். காரணம் 5ஆம் படியில்.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

ஹீலா செல் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல் வகை), சுற்றோட்டமுள்ள நீர்த்தொட்டி இரண்டு (ஒன்று 42 டிகிரி, ஒன்று 37), அளவு சரிபார்த்த வெப்பமானி, பாராஃபிலிம், 25 மில்லிமோலார் ஹெப்பஸ் சேர்த்த ஊடகம், ட்ரைசால் வகைக் கரைசல் (செல்லை உடைத்து ஆர்.என்.ஏ-வை வெளியே எடுப்பது), குளோரோஃபார்ம், ஐசோபுரோப்பனால், கிளைக்கோஜன், டிஎன்ஏஸ்-1, 25 மில்லிமோலார் இடிடிஏ, ரேண்டம் ஹெக்சாமர் (எங்கும் ஒட்டும் ஆறெழுத்துப் பிரைமர்), ஒப்பீட்டுக்காக வெளியிலிருந்து தெரிந்த அளவில் சேர்க்கும் அடையாள ஆர்.என்.ஏ. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் வாங்க மறப்பார்கள். அது வந்து சேரும் முன் சோதனையைத் தொடங்க வேண்டாம்.

லோட்ஷெட்டிங் அட்டவணையும் ஒரு பொருள்தான். முன்பைப் போல அடிக்கடி இல்லாவிட்டாலும், துணைமின்நிலையப் பழுது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்குபேட்டருக்குள் ஒரு சிறிய டேட்டா லாகரைப் போட்டு வையுங்கள். இரவில் மின்சாரம் போய் வந்திருந்தால் காலையில் இன்குபேட்டர் திரை 37 என்றுதான் காட்டும். நடந்ததைச் சொல்வது லாகர் மட்டுமே.

3. செல்லை முதலில் அமைதியாக இருக்க விடுங்கள்

கட்டுப்பாட்டுச் செல் (சூடு கொடுக்காமல் ஒப்பிடுவதற்கு வைப்பது) ஏற்கெனவே அழுத்தத்தில் இருந்தால் உங்கள் மடங்குக் கணக்கு சுருங்கிவிடும். வெப்ப அதிர்ச்சி வேலை செய்யவில்லை என்று தோன்றும். உண்மையில் அடிமட்டம்தான் உயர்ந்திருக்கும்.

மைக்கோபிளாஸ்மா சோதனை செய்யாத செல்லைத் தொடாதீர்கள். சோதனை நாளில் செல்கள் தட்டில் 70 முதல் 80 சதவீதம் பரவியிருக்கட்டும். முழுக்க நெருக்கியடித்துக் கிடந்தால் நடத்தை மாறும். ஊடகத்தை முந்தைய நாள் மாலையே மாற்றிவிடுங்கள். புதிய சீரம் பட்டவுடன் சில மரபணுக்கள் துள்ளும், அது அடங்க இரவு முழுவதும் வேண்டும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த ஊடகத்தை நேராக ஊற்றுவது குளிர் அதிர்ச்சி கொடுப்பதற்குச் சமம்.

மின்வெட்டில் இன்குபேட்டர் குளிர்ந்திருந்தால் 24 மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். குளிர்ந்தது ஒரு பக்கம். மின்சாரம் திரும்பியதும் சூடு அளவைத் தாண்டிப் போய் இறங்குவது இன்னொரு பக்கம். நீங்கள் அளக்கப்போவதே சூட்டை என்பதை நினைவில் வையுங்கள்.

4. சூடு கொடுப்பது

தட்டை 42 டிகிரி இன்குபேட்டருக்கு மாற்றி ஒரு மணி நேரம் வைப்பதுதான் புதியவர்கள் செய்வது. காற்று மெதுவாகத்தான் சூட்டைக் கடத்தும். பிளாஸ்டிக் தட்டும் ஊடகமும் 42-ஐ எட்டுவதற்குள் அரை மணி நேரம் கூடப் போய்விடலாம். அடுக்கில் மேல் தட்டும் கீழ்த் தட்டும் வேறு வேறு நேரத்தில் சூடாகும். உங்கள் "ஒரு மணி நேரம்" தட்டுக்குத் தட்டு மாறும்.

நீர்த்தொட்டியே சரி. இப்படிச் செய்யுங்கள்: ஊடகத்தை அகற்றி, 42 டிகிரிக்கு முன்பே சூடாக்கிய ஹெப்பஸ் ஊடகத்தை ஊற்றுங்கள். தட்டின் விளிம்பைப் பாராஃபிலிமால் இரண்டு சுற்று சுற்றுங்கள். அடிப்பாகம் நீரில் படும்படி மிதக்க விடுங்கள். ஹெப்பஸ் எதற்கு என்றால், தொட்டியில் கார்பன் டை ஆக்சைடு கிடையாது. சாதாரண ஊடகம் காரமாகி ஊதா நிறத்துக்குத் திரும்பும், அதுவே தனி அழுத்தம்.

தொட்டியின் திரை காட்டும் எண்ணை நம்பாதீர்கள். செல் இல்லாத ஒரு தட்டில் அதே அளவு ஊடகம் ஊற்றி, அதனுள் வெப்பமானியின் நுனியை நிறுத்திப் பாருங்கள். 42-க்கும் 44-க்கும் எண்ணில் இரண்டுதான் வித்தியாசம். செல்லுக்கோ, ஒன்று தாங்கக்கூடிய சூடு, மற்றது பல செல்களைக் கொல்லும் சூடு.

கட்டுப்பாட்டுத் தட்டும் இதையெல்லாம் அனுபவிக்க வேண்டும்: அதே ஹெப்பஸ் ஊடகம், அதே பாராஃபிலிம், அதே நேரம், 37 டிகிரித் தொட்டி. இன்குபேட்டரில் சும்மா இருந்த தட்டைக் கட்டுப்பாடாக எடுத்தால், நீங்கள் அளப்பது சூட்டின் விளைவா தட்டை ஆட்டியதன் விளைவா என்று யாராலும் பிரிக்க முடியாது.

நேரப் புள்ளிகள் நான்கு: சூடு இல்லை; 42-இல் 1 மணி; 42-இல் 1 மணிக்குப் பிறகு 37-இல் மீட்பு 1 மணி; அதேபோல் 37-இல் மீட்பு 4 மணி. மீட்புப் புள்ளிகளைச் செலவு மிச்சம் என்று வெட்டாதீர்கள். சாட்டலைட்-3 ஆர்.என்.ஏ சூடு நின்ற பிறகும் மணிக்கணக்கில் அணுக்கருவில் தங்கும். அது ஸ்ப்ளைசிங்கைப் பாதிப்பது முக்கியமாக அந்த மீட்பு நேரத்தில்தான்.

5. ஆர்.என்.ஏ-வை வெளியே எடுப்பது

நேரம் முடிந்ததும் ஊடகத்தை உறிஞ்சிவிட்டு, உடனே தட்டின் மீதே ட்ரைசாலை ஊற்றுங்கள். 10 சதுர செ.மீ. பரப்புக்கு 1 மி.லி. டிரிப்சின் போட்டு செல்லைப் பிரித்து, மையவிலக்கு செய்து, பிறகு உடைப்பது வேண்டவே வேண்டாம். அந்தப் பத்து நிமிடமும் செல்லுக்கு ஒரு மீட்பு நேரம்தான்.

அடையாள ஆர்.என்.ஏ-வை ட்ரைசாலில்தான் கலக்க வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் தனித்தனியாகச் சொட்டாமல், அன்றைய எல்லாத் தட்டுகளுக்கும் போதுமான ட்ரைசாலை ஒரே புட்டியில் எடுத்து, அதில் மொத்தமாகக் கலந்து, அங்கிருந்து பகிருங்கள். பிப்பெட் பிழை அடிபட்டுப் போகும். நீள ஆர்.என்.ஏ-வுக்கு லூசிஃபெரேஸ் ஆர்.என்.ஏ, குட்டைக்கு சி. எலிகன்ஸ் புழுவின் மைக்ரோ ஆர்.என்.ஏ-39 பொருந்தும், மனிதச் செல்லில் இரண்டும் கிடையாது. செல் உடையும் முன் வெறும் ஊடகத்தில் கலந்தால் ஆர்.என்.ஏ-வை வெட்டும் நொதியான ஆர்என்ஏஸ் அதைத் தின்றுவிடும்.

நீட்1 அளப்பவர்கள் இங்கே நிற்க வேண்டும். நீளமான நீட்1 பாராஸ்பெக்கிள் புரதங்களின் வலையில் சிக்கிக் கிடக்கும். ட்ரைசால் ஊற்றினாலும் வலை முழுதாக அவிழாது. குளோரோஃபார்ம் சேர்த்ததும் ஆர்.என்.ஏ-வின் பெரும்பங்கு நடு அடுக்கில் புரதத்தோடு தங்கிவிடும், நீங்கள் மேல் அடுக்கை மட்டும் எடுத்துப் போவீர்கள். அழுத்தத்தில் பாராஸ்பெக்கிள் பெருக்கும்போது சிக்குவதும் பெருகும். அதாவது எங்கே உண்மையில் அதிகமோ அங்கேதான் குறைத்து அளப்பீர்கள். தீர்வு எளிது: ட்ரைசால் கலவையைத் திருகு மூடிக் குழாயில் இறுக்கி மூடி, 55 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, ஆறவிட்டு, புகைப்போக்கிப் பெட்டிக்குள் (fume hood) திறவுங்கள். 20 கேஜ் ஊசி வழியாகப் பலமுறை இழுத்துத் தள்ளுவதும் உதவும். சூடுபட்ட மாதிரிக்கு மட்டும் செய்துவிட்டுக் கட்டுப்பாட்டுக்கு விட்டுவிடாதீர்கள்.

பிறகு வழக்கமான வரிசை. 1 மி.லி. ட்ரைசாலுக்கு 0.2 மி.லி. குளோரோஃபார்ம், 15 விநாடி குலுக்கல், 3 நிமிடம் ஓய்வு, 4 டிகிரியில் 12,000 ஜி, 15 நிமிடம். மேல் அடுக்கை முழுதும் எடுக்கப் பேராசைப்படாமல் கொஞ்சம் விட்டுவிடுங்கள். அதில் 0.5 மி.லி. ஐசோபுரோப்பனால், கிளைக்கோஜன் 20 மைக்ரோகிராம், 10 நிமிடம், மீண்டும் 12,000 ஜி, 10 நிமிடம். 75% எத்தனால் கழுவல், 7,500 ஜி, 5 நிமிடம்.

குட்டை ஆர்.என்.ஏ வேண்டுமென்றால் இரண்டு மாற்றம்: ஐசோபுரோப்பனாலில் இரவு முழுதும் மைனஸ் 20-இல் வையுங்கள், கழுவலை 80% எத்தனாலாக்குங்கள். சிலிக்கா வடிகுழல்தான் இருக்கிறது என்றால், அதன் வழக்கமான எத்தனால் அளவில் சுமார் 200 நியூக்ளியோட்டைடுக்குக் குறைந்தவை ஒட்டாமல் கழிவில் போய்விடும். மாதிரியின் 1.5 மடங்கு தூய எத்தனால் சேர்த்தால்தான் அவை நிற்கும். செல் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் ட்ரைசாலிலேயே ஜி, சி குறைந்த மைக்ரோ ஆர்.என்.ஏ-க்கள் தொலைந்துபோகும். அதனால் எல்லாத் தட்டிலும் செல் எண்ணிக்கை ஒன்றாக இருப்பது முக்கியம்.

ட்ரைசால் கழிவில் ப்ளீச் ஊற்றவே கூடாது. அதிலுள்ள குவானிடின் தயோசயனேட்டும் ப்ளீச்சும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். கழிவுக்குத் தனிப் புட்டி, அதன் மேல் பெரிய எழுத்தில் பெயர்.

6. தரம் பார்ப்பது

260/280 விகிதம் 2.0 அருகில், 260/230 விகிதம் 1.8-க்கு மேல். உச்சி 260-இல் இல்லாமல் 270 பக்கம் நகர்ந்திருந்தால் ஃபீனால் வந்திருக்கிறது. எத்தனாலில் மறுபடி வீழ்த்துங்கள்.

உடைந்திருக்கிறதா என்று பார்க்க விலையுயர்ந்த சிப் கட்டாயமில்லை. ப்ளீச் சேர்த்த அகரோஸ் ஜெல் போதும். இந்த முறை 6% ஹைப்போகுளோரைட் உள்ள ப்ளீச்சை 100 மி.லி.க்கு 1 மி.லி. என்று சொல்லும். இங்கே கடையில் வாங்கும் ஜிக் ப்ளீச் 3.5% என்பதால் 1.7 மி.லி. வேண்டும். வாசனை சேர்க்காதது, புதிதாகத் திறந்தது. அகரோஸோடு கலந்து ஐந்து நிமிடம் விட்டு, புகைப்போக்கிப் பெட்டிக்குள் உருக்குங்கள். ரைபோசோம் ஆர்.என்.ஏ-க்களில் 28எஸ் பட்டை 18எஸ்-ஐப் போல ஏறத்தாழ இருமடங்கு பளிச்சென்று தெரிந்தால் மேலே போகலாம்.

7. டிஎன்ஏ-வை ஒழிப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்களின் சாட்டலைட்-3 எண்கள் எதற்கும் உதவாது. அந்த வரிசை மரபணுத் தொகுப்பில் ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வருகிறது. இன்ட்ரான் இல்லாததால், ஆர்.என்.ஏ-விலிருந்து வந்த பெருக்கத்தையும் ஒட்டிக்கொண்டு வந்த டிஎன்ஏ-விலிருந்து வந்ததையும் பிரைமர் வைத்துப் பிரிக்க வழியில்லை.

10 மைக்ரோலிட்டரில் 1 மைக்ரோகிராம் ஆர்.என்.ஏ, 1 யூனிட் டிஎன்ஏஸ்-1, அறை வெப்பத்தில் 15 நிமிடம். அறை வெப்பம் என்பது 25 டிகிரி. தைப்பூசக் காவடி எடுக்கும் மாதத்தில் டர்பன் ஆய்வகத்தில் குளிரூட்டி நின்றுவிட்டால் மேசை மேல் 30 இருக்கும், அதனால் வெப்பக் கட்டையை 25-இல் வைத்தே செய்யுங்கள். முடிந்ததும் முதலில் 25 மில்லிமோலார் இடிடிஏ 1 மைக்ரோலிட்டர், பிறகு 65 டிகிரியில் 10 நிமிடம். வரிசை மாறினால், கரைசலில் உள்ள மக்னீசியமும் சூடும் சேர்ந்து ஆர்.என்.ஏ-வையே துண்டாக்கும்.

ஒவ்வொரு மாதிரிக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்.என்.ஏ-வை டிஎன்ஏ-வாகப் படியெடுக்கும் நொதி) சேர்க்காத ஒரு குழாய் வேண்டும். ஒரு மாதிரிக்குச் செய்துவிட்டு மற்றவையும் அப்படித்தான் என்று ஊகிக்காதீர்கள். நொதி சேர்த்ததற்கும் சேர்க்காததற்கும் சிடி (கியூபிசிஆரில் ஒளி தெரியத் தொடங்கும் சுற்று எண்) வித்தியாசம் 7 இருந்தால் டிஎன்ஏ பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. 5 என்றால் சுமார் 3 சதவீதம். அதற்கும் கீழே போனால் டிஎன்ஏஸை இன்னொரு முறை போடுங்கள்.

சூடு படாத செல்லில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துபோகும், ஏனென்றால் அங்கே சாட்டலைட்-3 ஆர்.என்.ஏ கிட்டத்தட்ட இல்லை. அப்போது "ஆயிரம் மடங்கு உயர்ந்தது" என்று எழுதுவதில் அர்த்தமில்லை. நீங்கள் வகுத்தது ஆர்.என்.ஏ-வால் அல்ல, மிச்ச டிஎன்ஏ-வால். "கட்டுப்பாட்டில் அளவிட முடியாத அளவு" என்று எழுதுவதே நேர்மை.

8. சிடிஎன்ஏ (ஆர்.என்.ஏ-வின் டிஎன்ஏ நகல்) ஆக்குவது

பாலி-ஏ வாலில் ஒட்டும் ஒலிகோ-டிடி பிரைமரை எடுத்தால் வால் இல்லாத நீள நீட்1 விட்டுப்போகும். ரேண்டம் ஹெக்சாமர் போடுங்கள். 25 டிகிரியில் 10 நிமிடம், பிறகு உங்கள் நொதி கேட்கும் சூடு, கடைசியில் 85 டிகிரியில் 5 நிமிடம். பத்து மடங்கு நீர்த்துப் பயன்படுத்துங்கள்.

டி.ஆர்.என்.ஏ பாதிகளுக்கு கியூபிசிஆர் ஏற்றதல்ல. முழு டி.ஆர்.என்.ஏ-வும் அதே வரிசைதான். மேலும் ஆஞ்சியோஜெனின் வெட்டிய 5' பாதியின் நுனியில் வளைய பாஸ்பேட் இருக்கும், அடாப்டர் ஒட்டாது, பாலி-ஏ வாலும் சேராது. டி4 பிஎன்கே நொதியால் அதை நீக்கினால்தான் வரிசைப்படுத்தலில் அவை தென்படும். அளவு மட்டும் போதுமென்றால் 15% யூரியா ஜெல்லில் ஓட்டி நார்தர்ன் பிளாட் (ஆர்.என்.ஏ-வைச் சவ்வுக்கு மாற்றிப் புரோப்பால் கண்டறிவது) செய்யுங்கள். முழு டி.ஆர்.என்.ஏ மேலே, பாதிகள் கீழே என்று கண்ணாலேயே பிரித்துப் பார்க்கலாம்.

9. எதனால் வகுப்பது

வெப்ப அதிர்ச்சியில் செல்லின் பொதுவான படியெடுத்தல் விழும். மனிதச் செல்லில் ஆலு ஆர்.என்.ஏ என்ற இன்னொரு குறியிடா ஆர்.என்.ஏ-வே படியெடுக்கும் நொதியான பாலிமரேஸ்-2-ஐத் தடுக்கும். ஆக்டின், ஜிஏபிடிஹெச் என்று வழக்கமாக வகுக்கும் மரபணுக்களும் அந்த வீழ்ச்சியில் சிக்கும். வகுக்கும் எண் பாதியானால், மாறாத ஆர்.என்.ஏ கூட இருமடங்கு ஏறியதாகத் தோன்றும். புதியவர்கள் கண்டுபிடிக்கும் "1.8 மடங்கு உயர்வு" பலவும் இந்த வகைதான்.

18எஸ் நிலையானது, ஆனால் மிகமிக அதிகம். சிடி 8-இல் வரும் ஒன்றை 28-இல் வரும் ஒன்றோடு ஒப்பிடுவது சரியாக வராது. யூ6 என்ற சிறிய அணுக்கரு ஆர்.என்.ஏ-வை மைக்ரோ ஆர்.என்.ஏ-வுக்கு எல்லாரும் போடுகிறார்கள், அழுத்தத்தில் அது அசையாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால்தான் அடையாள ஆர்.என்.ஏ. ஒரே அளவு செல், ஒரே அளவு அடையாளம் என்றால், இலக்கை அடையாளத்தால் வகுக்கும்போது செல் ஒன்றுக்கு எவ்வளவு என்பது கிடைக்கும். இதற்காக ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தட்டு கூடுதலாக வைத்து, செல்லை எண்ணுங்கள். சூட்டில் செத்து மிதந்தவை ஊடகத்தோடு போயிருக்கும்.

அடையாளத்தோடு, அசையாத மூன்று உள் மரபணுக்களையும் ஜிநார்ம் போன்ற நிரலில் தேர்ந்து வையுங்கள். இரண்டு வழியும் ஒரே பதிலைச் சொன்னால் நிம்மதி.

சூடு பட்டதா என்று பார்க்க ஹெச்எஸ்பிஏ1ஏ-வை அளப்பார்கள். அதற்கும் இன்ட்ரான் கிடையாது, டிஎன்ஏ கலப்பு அதிலும் பொய் சொல்லும். டிஎன்ஏஜேபி1-க்கு இன்ட்ரான் உண்டு, எக்ஸான் சந்திப்பில் பிரைமர் வைக்கலாம்.

ஒவ்வொரு பிரைமருக்கும் நீர்ப்புத் தொடர் ஓட்டி, செயல்திறன் 90 முதல் 110 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். சாட்டலைட்-3 பிரைமர் மறுபடி வரிசையில் பல இடத்தில் ஒட்டுவதால் உருகு வளைவு அகலமாக வரும், பிரைமர் கெட்டது என்று எடுத்த எடுப்பில் தூக்கி எறியாதீர்கள். மூன்று வெவ்வேறு நாட்களில் செய்தால்தான் மூன்று மாதிரி. ஒரே தட்டிலிருந்து மூன்று கிணறு என்பது மூன்று மாதிரி ஆகாது. புள்ளியியல் சோதனையை டெல்டா சிடி எண்களில் (இலக்கின் சிடி-க்கும் ஒப்பீட்டு ஆர்.என்.ஏ-வின் சிடி-க்கும் உள்ள வித்தியாசம்) செய்யுங்கள், மடங்கில் வேண்டாம்.

10. எண்ணை நம்பும் முன் கண்ணால் பாருங்கள்

ஏறியது புதிய படியெடுத்தலாலா, சிதைவது குறைந்ததாலா என்று கேள்வி வரும். ஆக்டினோமைசின்-டி போட்டுப் பார்ப்பது வழக்கம். ஆனால் அந்த மருந்தே பாராஸ்பெக்கிளைக் கலைத்துவிடும். நீட்1 விஷயத்தில் 4-தயோயூரிடின் கொண்டு புதிய ஆர்.என்.ஏ-வுக்கு மட்டும் முத்திரை போட்டுப் பார்ப்பது மேல்.

ஆர்.என்.ஏ-வைக் குறைத்துப் பார்க்க விரும்பினால் எல்என்ஏ கேப்மர் (இலக்கு ஆர்.என்.ஏ-வில் ஒட்டும் சிறிய செயற்கை வரிசை) எடுங்கள். இவை அணுக்கருவுக்குள்ளேயே ஆர்.என்.ஏ-வை வெட்டும் ஆர்என்ஏஸ்-ஹெச் நொதியை வேலை செய்ய வைக்கும், எஸ்ஐஆர்என்ஏ அங்கே அவ்வளவு எடுபடாது. இவற்றைச் செல்லுக்குள் கொண்டுபோகும் கொழுப்புக் கலவையே செல்லுக்கு ஒரு தொல்லை. அதனால் எந்த இலக்கும் இல்லாத பொய் வரிசை கேப்மர் போட்ட தட்டும் கூடவே வேண்டும்.

சாட்டலைட்-3 ஆர்.என்.ஏ-வில் ஜிஜிஏஏயு மறுபடி இருப்பதால், அதற்கு எதிரான ஏடிடிசிசி வரிசையில் ஒளிரும் புரோப் வைத்து ஃபிஷ் (செல்லுக்குள்ளேயே ஆர்.என்.ஏ இருக்கும் இடத்தை ஒளியால் காட்டும் முறை) செய்யலாம். டிஎன்ஏ-வைப் பிரிக்கும் கொதிசூட்டுப் படியைச் சேர்க்காதீர்கள், சேர்த்தால் குரோமோசோமே ஒளிரும். செல் ஒட்டிய ஒரு கண்ணாடிச் சில்லை ஆர்என்ஏஸ்-ஏ போட்டுக் கழுவி வையுங்கள், அதில் ஒளி அணைய வேண்டும். சூடு படாத செல்லில் அணுக்கரு இருட்டாகவும், 42-இல் ஒரு மணி நேரம் இருந்த செல்லில் அணுக்கருவுக்குள் சில பளிச்சிடும் புள்ளிகளும் தெரியும். கியூபிசிஆர் உயர்வு காட்டி, இங்கே புள்ளிகள் தெரியவில்லை என்றால், 7ஆம் படிக்குத் திரும்பி நொதி சேர்க்காத குழாயின் சிடி-யைப் பாருங்கள்.